கறுப்புக் கொம்பு

டாக்டர் விளக்கைக் கிட்டே இழுத்து மொரியோவின் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒரு பருவும் இல்லை.

"எங்கே வருது?"

"முதுகுல."

"ஐம்பத்தாறு வயசுல."

"ஆமாம்."

"சட்டையைக் கழட்டுங்க, பார்க்கறேன்."

"இப்போ இல்ல. வரும், போகும்."

அவள் முப்பதைத் தாண்டாதவள். கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு பருக் களிம்பு இரண்டு குழாய் எழுதிக் கொடுத்தாள். இந்த வருஷத்தில் மொரியோ போன மூன்றாவது தோல் டாக்டர் அவள்.

வீட்டில் சத்சுகி சிரித்தாள்.

"அடுத்த தடவை நான் போறேன். எனக்குக் கன்னத்துல வருதுன்னு சொன்னா நம்புவாங்க."

"உனக்கும் ஐம்பத்துநாலு."

"வயசைக் கேட்டாத்தானே."

மொரியோவுக்குப் பல்செட் கட்டும் வேலை. டோக்கியோவின் கிழக்குப் பக்கம், ஆற்றை ஒட்டிய ஒரு தெருவில், வீட்டின் கீழ்த்தளத்திலேயே பட்டறை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலை. பழைய ராட்சச பொம்மைகளின் உள்ளங்காலில் இருக்கும் பெயர்களை அழிப்பான்.

ஐம்பது வருஷத்துக்கு முன் எல்லா அம்மாக்களும் பிள்ளைகளின் பொருள்களில் பெயர் எழுதினார்கள். குடை, காலணி, சோற்று டப்பா, பென்சில் ஒவ்வொன்றிலும். ராட்சசனையும் விடவில்லை. இரண்டு கொம்பும் முதுகில் முள்ளுமாக ஊரை மிதிக்க வந்தவனின் உள்ளங்காலில் 'யூகோ' என்று எழுதியிருக்கும். இன்றைக்கு அந்தப் பொம்மைகளைச் சேர்க்கிறவர்களுக்கு அது பிடிக்காது. பெயர் இருந்தால் மதிப்புக் குறைவு. ஆனால் மார்க்கர் மை வினைலுக்குள் இறங்கிவிடும். துடைத்தால் போகாது. பருக் களிம்பைப் பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, வெயிலில் வைக்க வேண்டும். நாலைந்து நாளில் மை வெளுக்கும். அதை முதலில் கண்டுபிடித்தது யாரென்று தெரியவில்லை. சுத்தமாகச் செய்கிறவன் மொரியோ என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

களிம்பு பூசும் முன் ஒவ்வொரு பெயரையும் ஒரு முறை வாய்விட்டுப் படிப்பான். அது ஒரு பழக்கம்.

அவனுடைய அலமாரியில் பதினொரு சைகிரோன்கள் நின்றன.

சைகிரோன் டிவியில் வந்தவன் இல்லை. ஆற்றங்கரையில் இருந்த ஒரு சின்ன ஆலை தானாக இட்டுக்கட்டி, பையில் அடைத்து, மலிவாக விற்ற ராட்சசன். காண்டாமிருகத்துக்கும் தவளைக்கும் பிறந்தது போல இருப்பான். பச்சை உடம்பு, மூக்கில் ஒற்றைக் கொம்பு. கொம்பு மஞ்சள். பதினொன்றுக்கும் மஞ்சள்தான்.

பன்னிரண்டாவது அலமாரியில் இல்லை. பட்டறை மேஜையின் இழுப்பறையில், துணியில் சுற்றி இருந்தது. அதன் கொம்பு மட்டும் கறுப்பு. அதுதான் மொரியோ சிறுவயதில் வைத்திருந்தது.

"வீட்ல பதினொரு பேர். ஒருத்தனும் வாடகை குடுக்கறதில்ல," என்பாள் சத்சுகி. "இவன் ஒருத்தனுக்குத் தனி அறை."

மொரியோவுக்குப் பொம்மைப் பைத்தியம் என்று ஊரில் நினைத்தார்கள். அவன் மறுக்கவில்லை. சொல்லி விளங்க வைப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

அவன் பிறந்தது வடக்கே அகிதாவில், நெல் விளையும் கிராமத்தில். அறுவடை முடிந்ததும் ஆண்கள் டோக்கியோவுக்குக் கூலி வேலைக்குப் போவார்கள். ரோடு போட, சுரங்கம் தோண்ட. பனி உருகும்போது திரும்புவார்கள். மொரியோவுக்கு ஐந்து வயதான குளிர்காலத்தில் அவன் அப்பா எய்கிச்சியும் போனார். ஜனவரி பத்தொன்பதாம் தேதி முத்திரை குத்திய கடிதம் ஒன்று பணத்தோடு வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. வசந்தத்தில் மற்றவர்கள் திரும்பினார்கள். எய்கிச்சி ஜனவரி முடிவதற்குள்ளேயே தங்குமிடத்திலிருந்து பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் பிப்ரவரியில் மொரியோவுக்கு சைகிரோன் வந்தது. அப்பா அனுப்பியதாகச் சொல்லி, அவன் அண்ணன் தெய்ஜி கையில் கொடுத்தான்.

ஆகவே அப்பா பிப்ரவரியில் உயிரோடு இருந்தார். பையை எடுத்துக்கொண்டு போன பிறகும் ஒரு கடையில் நின்றார், ஐந்து வயதுப் பையனை நினைத்தார், காசு கொடுத்து வாங்கினார். வீட்டை விட்டு ஓடிப்போகிறவன் இதைச் செய்ய மாட்டான். மொரியோவிடம் இருந்தது இந்த ஒரு சாட்சிதான்.

பதினெட்டு வயதில் டோக்கியோவுக்கு வந்தான். கூலிக்காரர்கள் தங்கும் விடுதிகளில் நாலு வருஷம் விசாரித்தான். பிறகு பொம்மையிடம் விசாரிக்க ஆரம்பித்தான். கறுப்புக் கொம்பு எந்த வட்டாரத்தில் விற்றது என்று தெரிந்தால் அப்பா பிப்ரவரியில் எங்கே இருந்தார் என்று தெரியும். பொம்மைச் சந்தைகளில் அலைந்தான். ஆலையில் வேலை செய்த பெண்களைத் தேடிப் போய்க் கேட்டான். கறுப்பு அடித்ததாக ஒருத்திக்கும் நினைவில்லை. இன்னொரு கறுப்புக் கொம்பும் அகப்படவில்லை. மஞ்சள் கொம்புகள் பதினொன்று சேர்ந்தன.

மே மாதம் குரதா வந்தார். எழுபத்துநாலு வயது. அந்த ஆலையைப் பற்றி இருபது வருஷமாக ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தவர். இப்போது அச்சுக்குப் போகும் நிலை.

"நாரா-சான், உங்க கறுப்புக் கொம்பை அட்டையில போடப் போறேன்," என்றார். நாரா என்பது மொரியோவின் குடும்பப் பெயர், 'சான்' மரியாதைக்கு.

"போடுங்க."

"உள்பக்கத்துல உள்ளங்கால் படமும் வேணும். ஆலை முத்திரை அங்கதானே இருக்கு. ஆனா உங்க பேர் அது மேலேயே உட்கார்ந்திருக்கு."

மொரியோ பொம்மையைத் திருப்பினான். உள்ளங்கால் முழுவதையும் அடைத்துக்கொண்டு தடித்த மார்க்கரில் மூன்று எழுத்து, மொரியோ. கோணல் மாணலாக. தெய்ஜி பத்து வயதில் எழுதியது.

"ஊர்ல இருக்கிற பேரெல்லாம் அழிக்கிறீங்க. உங்க பேரை அழிக்க மாட்டீங்களா?"

"அண்ணன் எழுதினது. இருக்கட்டும்."

குரதா கொம்பைத் தொட்டார். விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"இந்தக் கறுப்பு ஒட்டுது."

"கோடையில ஒட்டும்."

"ஆலை பெயிண்ட் ஒட்டாது."

"சோதனைக்கு அடிச்சுப் பார்த்ததா இருக்கும். நீங்கதானே சொன்னீங்க."

"சொன்னேன்," என்றார் குரதா. விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். "யோசிச்சுச் சொல்லுங்க. ஜூன் கடைசிக்குள்ள படம் வேணும்."

நடவு முடிந்த வாரம் தெய்ஜி டோக்கியோ வந்தான். அறுபத்தொரு வயது. கழுத்து வெயிலில் கறுத்திருந்தது. புகையில் வாட்டிய முள்ளங்கி ஊறுகாயைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து சத்சுகியிடம் கொடுத்தான்.

"இதுக்கா மூணரை மணி நேரம் ரயில்ல வந்தீங்க, அண்ணா?"

"இதுக்குத்தான். உன் புருஷன் மூஞ்சியைப் பார்க்க யாரும்மா வருவா?"

சத்சுகி தேநீர் வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். அவர்கள் பேச வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

போன ஜூனில் அவர்களுடைய அம்மா தோமே இறந்துபோனாள். இருபது வருஷத்துக்கு முன்பே அவள் கல்லறைக் கல் நட்டிருந்தாள். அதில் இரண்டு பெயர் செதுக்கச் சொன்னாள். தோமே, எய்கிச்சி. உயிரோடு இருப்பவர்களின் பெயரில் சிவப்பு பூசுவது வழக்கம். இரண்டிலும் சிவப்பு பூசினார்கள். அம்மா போனதும் அவள் பெயரிலிருந்து சிவப்பை எடுத்தார்கள். எய்கிச்சியின் பெயர் மட்டும் இன்னும் சிவப்பாக இருந்தது.

"அம்மாவோட வருஷத் திதி வருது," என்றான் தெய்ஜி. "அதோட அப்பாவோட சிவப்பையும் எடுத்துடலாம். கல்காரர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

"எடுக்க வேண்டாம்."

"அவர் இருந்தா எண்பத்தெட்டுடா."

"எண்பத்தெட்டுல எத்தனையோ பேர் இருக்காங்க."

"ஊர்ல எல்லாரும் அந்தச் சிவப்பைப் பார்க்கறாங்க. அம்மா பக்கத்துல, தனியா. எனக்கு அங்க போய்க் கல்லுக்குத் தண்ணி ஊத்தவே ஒரு மாதிரியா இருக்கு."

"உனக்கு வெட்கமா இருக்குன்னு அவரைச் சாகடிக்கணுமா?"

தெய்ஜி தேநீரைக் குடித்தான். கோப்பையை வைத்தான்.

"எனக்கும் வயசாகுது, மொரியோ. எனக்கப்புறம் யார் இதைச் செய்வாங்க? கோயில் பிக்கு இறந்தவங்க ஏட்டுல எழுத ஒரு தேதி கேட்கறார். கடைசிக் கடிதத்தோட தேதியைப் போடலாம்னு இருக்கேன். ஜனவரி பத்தொன்பது."

"பிப்ரவரியில எனக்கு பொம்மை அனுப்பினாரே."

தெய்ஜி வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

"ஜனவரியில செத்தவர் பிப்ரவரியில கடைக்குப் போனாரா? சொல்லு."

தெய்ஜி அலமாரியைப் பார்த்தான். பதினொரு ராட்சசர்களும் அவனைப் பார்த்து நின்றார்கள்.

"உனக்கென்ன," என்றான் மொரியோ. "உனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வந்தார். அதுக்கு முந்தின வருஷம். நீ அதைப் பனி தள்ற வாய்க்கால்ல தொலைச்சே. நான் இன்னும் வெச்சிருக்கேன். அவ்வளவுதான் உனக்கும் எனக்கும் வித்தியாசம்."

"சரி," என்றான் தெய்ஜி.

"என்ன சரி?"

"தொலைச்சேன். சரி." எழுந்து தொப்பியை எடுத்தான். "நாலு மணி வண்டியைப் பிடிக்கறேன்."

"ராத்திரி தங்கறேன்னு சொன்னே."

"நாத்துக்குத் தண்ணி பார்க்கணும்."

சத்சுகி திரும்பி வந்தபோது மூன்று பேருக்கான விலாங்கு மீன் அவள் பையில் இருந்தது. ஒரு தேநீர்க் கோப்பை மட்டும் காலியாக இருந்தது. இரண்டு நாள் விலாங்கு சாப்பிட்டார்கள்.

சனிக்கிழமை காலை மொரியோ இழுப்பறையைத் திறந்தான். துணியைப் பிரித்தான். உள்ளங்காலில் இருந்த கோணல் எழுத்தைப் பார்த்தான். பார்க்கப் பார்க்கக் கோபம் வந்தது. இவன் யார் என் பொம்மையில் எழுத? பொட்டலத்தைப் பிரித்ததும் இவன்தான், பெயர் எழுதியதும் இவன்தான். இப்போது தேதி போடுகிறவனும் இவன்தான்.

பெயரை வாய்விட்டுப் படித்தான். களிம்பைப் பூசினான். தாளை மூடி, மாடியில் துணி உலர்த்தும் இடத்தில், வெயில் படும்படி பொம்மையைத் தலைகீழாக நிறுத்தினான்.

"குரதா-சான் கேட்டதுக்கா?" என்றாள் சத்சுகி. கையில் ஈரத் துணிகள்.

"ஆமாம்."

அவள் ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "அண்ணா மேல கோபம்னா அண்ணாகிட்ட காட்டுங்க."

நாலு நாள் நல்ல வெயில். தினமும் காலையில் பழைய களிம்பைத் துடைத்துப் புதிதாகப் பூசினான். கறுப்பு பழுப்பானது. பழுப்பு மங்கியது. ஐந்தாம் நாள் காலை துடைத்தபோது தெய்ஜி எழுதிய எழுத்து அநேகமாகப் போய்விட்டது. முத்திரை தெளிவாகத் தெரிந்தது.

அதன் பக்கத்தில் வேறொன்றும் தெரிந்தது.

முதலில் அழுக்கு என்று நினைத்தான். பட்டறைக்குக் கொண்டுபோய் பல் பார்க்கும் உருப்பெருக்கியின் கீழே வைத்தான். அழுக்கு இல்லை. மெல்லிய, சிறிய எழுத்து. நேராக, சம இடைவெளியில் மூன்று எழுத்து. தடித்த மார்க்கர் அதன் மேல் ஏறி ஐம்பது வருஷம் மறைத்திருந்தது. யாரோ முதலில் தேய்த்து அழிக்கப் பார்த்திருக்கிறார்கள். சுற்றிலும் வினைல் சொரசொரப்பாக இருந்தது. ஆனால் மேலே எழுதியதைவிட இது ஆழமாக இறங்கியிருந்தது.

அந்தக் கையெழுத்து அவனுக்குத் தெரியும். அவனுடைய குடையில், சோற்று டப்பாவில், பள்ளித் தொப்பியின் உள்விளிம்பில் இருந்த கையெழுத்து. அம்மாவின் எழுத்து.

"தெய்ஜி," என்று படித்தான்.

மிச்சமிருந்த களிம்பை உடனே கழுவினான். இன்னும் இரண்டு நாள் வெயிலில் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

பிறகு கொம்பின் அடியில், மூக்கோடு சேரும் மடிப்பில், பல் சுரண்டும் ஊசியின் முனையை வைத்து ஒரு கடுகளவு எடுத்தான். கறுப்பு, தோலாக உரிந்து வந்தது. கீழே மஞ்சள்.

ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டிய வேலை மேஜையில் இருந்தது. ஒரு கிழவரின் கீழ்ப்பல் வரிசை. பதினொரு மணிக்கு சத்சுகி இறங்கி வந்து பார்த்தபோது அவன் அதைத் தொடவில்லை.

"என்னங்க?"

அவன் உருப்பெருக்கியை அவள் பக்கம் திருப்பினான். அவள் குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அவன் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"பத்து வயசு," என்றாள்.

"'நீ அதைத் தொலைச்சே'ன்னு அவன்கிட்டயே சொன்னேன். போன வாரம். இந்த வாயால."

சத்சுகி பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அந்த ஊறுகாயை நறுக்கவா? சோறு சாப்பிடுங்க முதல்ல," என்றாள்.

சாப்பிட்ட பிறகு குரதாவுக்குப் போன் செய்தான்.

"கறுப்பு ஆலையில அடிச்சது இல்ல."

"யார் அடிச்சது?"

"எங்க அண்ணன்."

"அப்படியா." குரதா மூச்சுவிடுவது கேட்டது. "அட்டையை வடிவமைச்சு முடிச்சாச்சு, நாரா-சான்."

"மன்னிக்கணும்."

"பரவாயில்ல. எனக்கு அந்த ஒட்டற விஷயம் உறுத்திக்கிட்டே இருந்தது. கேட்டா உங்களுக்குக் கோபம் வரும். அதான் விட்டுட்டேன்." பிறகு தொழில்காரராகப் பேசினார். "கறுப்பை எடுத்துட்டா கீழே மஞ்சள் பளிச்சுனு இருக்கும். ஐம்பது வருஷம் வெளிச்சமே படாத மஞ்சள். அப்படி ஒண்ணு வேற எங்கயும் இருக்காது. எடுத்துப் படம் பிடிக்கலாமா?"

"வேண்டாம்."

"சரி," என்றார் குரதா. "நானா இருந்தாலும் எடுக்க மாட்டேன்."

ஒரு குளிர்காலத்தில் தொடங்கிய விசாரணை அன்றைக்கு முடிந்தது. பிப்ரவரியில் எந்தக் கடையும் இல்லை. கடையில் யாரும் நிற்கவில்லை. அப்பாவைப் பற்றி அவனிடம் இருந்த ஒரே சாட்சி போய்விட்டது. மொரியோ அழுவான் என்று சத்சுகி எதிர்பார்த்தாள். அவன் பட்டறைக்குப் போய்க் கிழவரின் பல்லை முடித்தான்.

திதிக்கு முந்தின நாள் இருவரும் அகிதாவுக்குப் போனார்கள். ரயிலில் மொரியோ பையை மடியிலேயே வைத்திருந்தான்.

திதி முடிந்து, உறவுக்காரர்கள் சாப்பாட்டுக்கு நகர்ந்த பிறகு, பிக்கு அண்ணன் தம்பி இருவரையும் கோயிலின் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். நாற்பது வயது, கண்ணாடி போட்டவர். தன் அப்பாவுக்குப் பிறகு அந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர். ஏட்டை விரித்துத் தூரிகையை மையில் தொட்டார்.

"அப்பாவோட விஷயம் பேசி முடிச்சீங்களா? தேதி மட்டும் சொன்னா போதும்."

மொரியோ வாய் திறக்கும் முன் தெய்ஜி சொன்னான்.

"பிப்ரவரின்னு போடுங்க."

"ஜனவரி பத்தொன்பதுன்னு சொன்னீங்களே."

"தம்பிக்கு பிப்ரவரியில ஒரு பொட்டலம் வந்தது. அவர் அனுப்பினது. அதனால பிப்ரவரி." தெய்ஜி பாயைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ஒருவேளை எழுதவே வேண்டாம்னாலும் சரி. தம்பி இஷ்டம்."

பிக்கு மொரியோவைப் பார்த்தார்.

"ஜனவரி," என்றான் மொரியோ. "ஜனவரி பத்தொன்பது."

தெய்ஜி நிமிர்ந்தான்.

"பிப்ரவரியில ஒண்ணும் வரல," என்றான் மொரியோ.

தூரிகை நுனியில் மை திரண்டது. பிக்கு அதை மைக்கல்லின் ஓரத்தில் மெதுவாக வழித்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் இரண்டு கிழட்டு ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்போது கேள்வி கேட்கக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அப்போ ஜனவரி," என்றார். எழுதினார்.

வெளியே வந்தார்கள். கல்லறைகள் கோயிலுக்குப் பின்னால், வயலை ஒட்டிய மேட்டில் இருந்தன. பாதி வழியில் தெய்ஜி நின்றான்.

"எப்போ தெரிஞ்சது?"

"பத்து நாள் ஆச்சு. உள்ளங்கால்ல."

"பென்சீன் போட்டுத் தேய்ச்சேனே. அம்மா குளிருக்குக் கை காயற டப்பியில ஊத்துவாளே, அதை."

"மங்கிச்சு. அழியல."

"ம்," என்றான் தெய்ஜி. தொழில் பேசுகிறவன் போல. "கொம்புக்கு அடுப்புப் புகைக்குழாய்க்கு அடிக்கிற பெயிண்ட். எங்க கண்டுபிடிச்சுடுவியோன்னு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"பெயிண்ட் டப்பாவைத் திறந்து போட்டதுக்கு ரெண்டு அறை விட்டா. பொம்மை எங்கேடான்னு கேட்டா. வாய்க்கால்ல போச்சுன்னேன். அன்னிக்கு சாயங்காலம் நீ கறுப்புக் கொம்போட வந்து அவ மடியில உட்கார்ந்தே. பார்த்தா. ஒண்ணும் சொல்லல. அப்புறம் என்னிக்குமே சொல்லல."

"ஏன் செஞ்சே?"

தெய்ஜி யோசித்தான்.

"நீ தினமும் தபால்காரர் பின்னாடி போனே. பனியில, மூக்கை ஒழுக்கிட்டு. அந்த ஆள் கோட்டைப் பிடிச்சுத் தொங்குவே. பாவம், அவர் நம்ம தெருவுக்கு வர்றதையே விட்டுட்டுக் கடிதத்தையெல்லாம் முனைவீட்டுல குடுத்துட்டுப் போக ஆரம்பிச்சார். ஊரே என்னைத் திட்டிச்சு. தம்பியைப் பிடிச்சு வைடான்னு."

"அதுக்காகவா?"

"சத்தம் தாங்கலடா."

மொரியோ பையிலிருந்து துணியை எடுத்துப் பிரித்தான். தெய்ஜி சைகிரோனைக் கையில் வாங்கினான். ஐம்பது வருஷமாகத் தொடாதவன் போலத் தூக்கிப் பார்த்தான். உண்மையிலும் அப்படித்தான். திருப்பினான். அம்மாவின் எழுத்தைப் பார்த்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னும் கிட்டே வைத்துப் பார்த்தான்.

"நீ எழுதினதை நான் அழிச்சுட்டேன்," என்றான் மொரியோ. "கோபத்துல."

"கேவலமான எழுத்து. போகட்டும்."

"இது உன்னோடது. நீ வெச்சுக்கோ."

"எனக்கெதுக்கு? குடுத்தாச்சு. ஒரு தடவை குடுத்ததைத் திருப்பி வாங்கற வயசா இது?" பொம்மையைத் தம்பியின் கையில் திணித்தான். பிறகு விரல்களைத் தேய்த்துப் பார்த்தான். நுனியில் கறுப்பு. "இன்னும் காயலையா இது? சனியன்." கறுப்புக் கால்சட்டையின் பின்பக்கம் துடைத்துக்கொண்டான்.

"அண்ணி திட்டுவா."

"எதுக்குத்தான் திட்டல."

கல்காரர் கல்லறைக்கு முன்னால் குந்தியிருந்தார். பித்தளைக் கம்பி பிரஷும் சின்ன உளியும் ஒரு தட்டில் இருந்தன. இவர்களைப் பார்த்ததும் எழுந்தார். கல்லில் இரண்டு பெயர். ஒன்று கல்லின் நிறத்தில், ஒன்று சிவப்பில்.

"எடுத்துடவா?" என்று தெய்ஜியைக் கேட்டார்.

தெய்ஜி தம்பியைப் பார்த்தான்.

மொரியோ அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவின் முகம் அவனுக்கு ஞாபகம் இல்லை. எப்போதுமே இருந்ததில்லை. இத்தனை வருஷமும் ஒரு கடை வாசலில் நிற்கும் முதுகை மட்டும் பார்த்து வந்தான். இப்போது அந்த முதுகும் இல்லை. பனியில் புகைக்குழாய் பெயிண்டோடு குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பையன் இருந்தான்.

"எடுங்க," என்றான்.

கல்காரர் குந்தினார். முதல் கோட்டில் பிரஷை வைத்தார். சிவப்பு பொடியாக உதிர்ந்து கல்லின் அடியில் விழுந்தது. பழைய பெயிண்ட், சுலபமாகவே வந்தது. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வயலிலிருந்து தவளைச் சத்தம் வந்தது.

"நின்னுக்கிட்டு இருந்தா எப்படி?" என்றான் தெய்ஜி. "கழுவணும்ல. தண்ணி கொண்டு வா."

மொரியோ பொம்மையைக் கோட்டுப் பையில் வைத்தான். வாளியை எடுத்துக்கொண்டு கோயிலடிக் குழாய்க்கு இறங்கினான்.